"சமாளித்துவிட்டோம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதலாமா?

குழுக்கணக்கு (பாலக்கோடு)

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மானப் புத்தகத்தை எழுதுவது என் பொறுப்பு. அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்கள் அவசியம் எழுதுங்கள்.

குழுவில் பெரும்பாலானோர் தக்காளி பயிரிடுகிறவர்கள். விலை விழுந்தபோது, பறிக்கிற கூலியும் மண்டிக்குப் போகிற வண்டி வாடகையும்கூடத் தேறாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த மாதமும் குழுத் தவணை தவறவில்லை. கூட்டத்தில் "எப்படிக் கட்டினீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லி வைத்தது போல "சமாளித்துவிட்டோம்" என்கிறார்கள். "விலைச் சரிவு இருந்தும் உறுப்பினர்கள் சமாளித்துத் தவணை செலுத்தினர்" என்று புத்தகத்தில் எழுதுவது முந்தைய ஊக்குநர் காலத்திலிருந்தே வழக்கம். வங்கியிலிருந்து வந்தவர் அந்த வரியைப் படித்துவிட்டு, "நல்ல குழு, அடுத்த முறை கூடுதல் கடனுக்கே பரிந்துரைக்கலாம்" என்றார்.

அவர் போன பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். ஒருவரின் கம்மல் அடகில் இருக்கிறது. ஒருவர் கறவை மாட்டைக் கன்றோடு விற்றிருக்கிறார். இன்னொருவர் கணவரைப் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்கு அனுப்பிவிட்டு, நிலத்து வேலை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒருவர் வார வட்டிக்கு வாங்கிக் குழுத் தவணையைக் கட்டியிருக்கிறார். அதாவது, சிறிய கடனை அடைக்க அதைவிடக் கொடிய கடன். இத்தனையும் புத்தகத்தில் ஒரே வினைச்சொல்லாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, முதன்முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் இதே மாவட்டம், 2004-ல்தான் பிரிந்தது. அன்றிலிருந்து எழுதப்பட்ட புத்தகங்களை எல்லாம் அடுக்கினால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை கம்மல்கள், எத்தனை மாடுகள் மறைந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

நீங்கள் இந்தச் சொல்லை எந்த நேரத்தில் சொல்கிறீர்கள்? சொல்லும்போது என்ன பொருளில் சொல்கிறீர்கள்? புத்தகத்தில் இதை எழுதலாமா, கூடாதா?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். "சமாளித்துவிட்டேன்" என்று ஒருவன் சொன்னால் தன் வீட்டுக் கதவை மரியாதையாகச் சாத்துகிறான் என்று பொருள். கம்மல் அடகில் இருப்பது கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழ வேண்டுமா? நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் வரை அந்தச் செய்தி போகும். நம் ஊர்களில் ஏழைக்குக் கடைசியாக மிஞ்சுவது அந்தக் கதவு ஒன்றுதான்.

எனக்கு மாந்தோப்பு. பெங்களூரா ரகம் பெரும்பாலும் கூழ் ஆலைகளை நம்பித்தான் இருக்கிறது. ஆலைக்காரர்கள் எடுத்தால்தான் விலை. 2025 பருவத்தில் அவர்கள் தயங்கியபோது கிலோ நான்கைந்து ரூபாய்க்கு இறங்கியதும், விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடியதும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னும் இதே போலப் பார்த்திருக்கிறோம். மாமரம் ஓர் ஆண்டு காய்த்துத் தள்ளினால் மறு ஆண்டு ஓய்வெடுக்கும். பூக்கும் மாதத்தில் தத்துப்பூச்சி வந்தால் பூங்கொத்து கருகிப்போகும். இதையெல்லாம் தெரிந்துதான் தோப்பு வைக்கிறோம். எங்களுக்குச் சமாளிப்பது என்பது அவசரத்துக்கு எடுக்கிற ஆயுதம் இல்லை, பிறவிக் குணம்.

வள்ளுவரே சொல்லியிருக்கிறார்: "மடுத்தவாய் எல்லாம் பகடன்னான் உற்ற இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து." வண்டி எங்கே சிக்கினாலும் மூச்சைப் பிடித்து இழுத்துப் போகிற எருதைப் போன்றவனிடம் வந்தால், துன்பத்துக்கே துன்பம். இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டுமா?

ஓசூர் ஷிஃப்ட்

ஐயா, விவசாயி தன் வாயால் "சமாளிக்கிறேன்" என்று சொன்னால் அது பெருமை, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் அதை மேலே இருக்கிறவர் சொல்கிறார். மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் வந்திருந்தால் "இன்றைக்கு மட்டும் சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி. அந்த "இன்றைக்கு மட்டும்" மாதக்கணக்கில் ஓடுகிறது. இரண்டு பேரால் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு மூன்றாவது ஆள் வரவே மாட்டார். நாங்கள் சமாளித்ததுதான் அந்த வேலையிடம் போனதற்குக் காரணம்.

அதனால் எங்கள் வரிசையில் புதிதாக வருகிற பையன்களிடம் நான் சொல்வது: சமாளித்தாய் என்றால் ஷிஃப்ட் முடியும்போது குறிப்பேட்டில் "ஓர் ஆள் குறைவு" என்று எழுதிவிட்டுப் போ. எழுதாமல் சமாளித்தது கணக்கில் வராது.

குழுக்கணக்கு (பாலக்கோடு)

மாந்தோப்பு ஐயாவுக்கு: கதவைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் போட்டு எழுதுவதாக நான் சொல்லவில்லை. ஆனால் வார வட்டி வாங்கியவரும் மாட்டை விற்றவரும் ஒரே கூட்டத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நிலை ஒருவருக்குத் தெரியாது. இருவருமே "என்னால் மட்டும்தான் முடியவில்லை போலிருக்கிறது, மற்றவர்கள் எல்லாம் சமாளித்துவிட்டார்கள்" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் மரியாதை இவர்களைத் தனிமைப்படுத்திவிட்டதே, அதற்கு என்ன செய்வது?

ஓசூர் தம்பி, குறிப்பேட்டில் எழுதச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு வேண்டும்.

தளி எல்லை

எங்கள் வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். எங்கள் பக்கம் இது சாதாரணம். அதனால் ஒரு செய்தியைச் சொல்கிறேன்.

கன்னடத்தில் "சம்பாளிசு" என்பார்கள். தெலுங்கில் "சம்பாளிஞ்சு". மராத்தியில் "சாம்பாளணே", இந்தியில் "சம்பால்னா". ஒலியைக் கேட்டாலே ஒரே குடும்பம் என்று தெரியும். ஆனால் மராத்திக்காரர் குழந்தையை "சாம்பாளணே" என்றால் வளர்ப்பது, கவனித்துக்கொள்வது என்று பொருள். இந்திக்காரர் படியில் இறங்குகிறவரிடம் "சம்பல் கே" என்றால் பார்த்து இறங்குங்கள் என்கிறார். கன்னடத்தில் சம்சாரத்தைச் "சம்பாளிசு" என்றால் குடும்பத்தை நடத்து, தாங்கிப் பிடி என்று வரும். அங்கெல்லாம் இந்தச் சொல்லில் கவனிப்பும் பாதுகாப்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

தமிழில் "நேற்று குழந்தையைச் சமாளித்தேன்" என்றால் குழந்தை பாடாய்ப் படுத்தியது என்றுதான் கேட்கிறவருக்குப் படும். வளர்த்ததைச் சொல்ல வேண்டுமானால் "பார்த்துக்கொண்டேன்" என்கிறோம். பரிவு முழுவதையும் "பார்த்துக்கொள்" எடுத்துக்கொண்டது. "சமாளி"க்கு நெருக்கடி மட்டும் பங்காக வந்தது. என் அம்மா கன்னடத்தில் இந்தச் சொல்லைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அவரே தமிழில் சொன்னால் பெருமூச்சோடு சொல்கிறார். இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

தமிழாசிரியை (அரூர்)

தளி எல்லை எழுதியது மிக நல்ல கருத்து. வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன்.

தமிழுக்குள்ளேயே இந்தச் சொல் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். கால் இடறியவர் விழாமல் "சமாளித்துக்கொண்டார்" என்றால், அது உடம்பு நிலைகுலையாமல் தாங்கிக்கொள்வது. துக்கச் செய்தி கேட்டவர் தன்னைச் சமாளித்துக்கொள்வதும் அந்த வகைதான். இருக்கிற ஒரு படி ராகி மாவில் ஆறு பேருக்குக் களி கிண்டுவது இன்னொரு வகை. இதற்கு "ஒப்பேற்றுதல்" என்ற சொல்லும் உண்டு. கேள்விக்குப் பதில் தெரியாத மாணவன் சுற்றி வளைத்துப் பேசினால் "சமாளிக்காதே" என்கிறேன்; அங்கே பொருள் மழுப்பல். பெயர்ச்சொல்லாக்கிச் "சமாளிப்பு" என்று சொன்னாலோ, பெரும்பாலும் அந்த மூன்றாவது பொருள்தான் முந்திக்கொண்டு வருகிறது. "இது வெறும் சமாளிப்பு" என்று யாராவது சொன்னால் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியுமா?

துணைவினைகளையும் கவனியுங்கள். "சமாளித்துவிட்டேன்" என்றால் கதை முடிந்தது, மேலே கேட்காதே. "சமாளித்து வருகிறேன்" என்றால் முடியவில்லை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "சமாளித்துக்கொள்கிறேன்" என்று நானே சொன்னால் பொறுப்பை ஏற்கிறேன். அதையே "சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று இன்னொருவர் சொன்னால் அவர் தன் பொறுப்பை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார். ஓசூர்த் தம்பியின் வருத்தம் அந்தக் "கொள்ளுங்கள்" என்பதில் இருக்கிறது. சொல் என்ன செய்கிறது என்பதை யார் வாயிலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மாந்தோப்பு ஐயா சொன்ன குறள் இடுக்கண் அழியாமை அதிகாரத்தில் வருவது. எருதின் உறுதியைப் பாடுகிறது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தகடூர் என்று அன்று பெயர் பெற்ற நம் தருமபுரி மண்ணைச் சேர்ந்த இன்னொரு மாட்டுவண்டியும் இருக்கிறது. புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது.

"எருதே இளைய நுகம் உணராவே, சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே" என்று தொடங்குகிறது. எருதுகள் இளையவை, நுகத்தடிக்குப் பழகாதவை. வண்டியிலோ பெரும் பாரம். போகிற வழியில் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டியின் அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பெயர் "சேம அச்சு". அந்த அச்சைப் போன்றவன் நீ என்று இளவரசனைப் பாடுகிறார் ஔவை.

பாரம் பெரிது, மாடு சிறிது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். "மாடு எப்படியும் சமாளித்துக்கொள்ளும்" என்று யாரும் அங்கே விட்டுவிடவில்லை. ஆளுகிறவன் குடிமக்களுக்கு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல, எருதின் வலிமையை எடுக்காமல் அச்சை எடுத்திருக்கிறாரே, அதை நினைத்து நினைத்து வியக்கிறேன். குறளையும் புறப்பாட்டையும் நான் எதிரெதிராக நிறுத்தவில்லை. இழுக்கிறவனுக்கு ஒன்று, வண்டியை அனுப்புகிறவனுக்கு மற்றொன்று.

பத்துச்சக்கரம்

ஆசிரியை அம்மா பள்ளம், மேடு என்று எழுதியதும் எனக்குத் தொப்பூர் கணவாய்தான் நினைவுக்கு வந்தது. லாரி ஓட்டுகிறேன். அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. பாரத்தோடு வண்டி வேகம் பிடித்த பிறகு பிரேக்கை மட்டுமே நம்பி மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். "சமாளித்துவிடலாம்" என்ற நினைப்பு எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது என்று அந்தப் பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டால் சமாளிக்க வேண்டிய தேவையே வராது. ஆனால் அப்படி ஓட்டுகிறவனை யாரும் கெட்டிக்காரன் என்று புகழ மாட்டார்கள். பிரேக் போன வண்டியை மண்மேட்டில் மோதி நிறுத்தியவனைத்தான் டீக்கடையில் கொண்டாடுவார்கள்.

மளிகை (ஊத்தங்கரை)

நான் வேறொரு பக்கத்திலிருந்து பேச வேண்டும்.

2024 டிசம்பர் முதல் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் மழை எங்கள் ஊரில் கொட்டியது. மறுநாள் காலை வரை ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் என்று பதிவானது. பஸ் நிலையத்துப் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகளைத் தண்ணீர் இழுத்துப்போனதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கடைக்குள் அரிசி மூட்டை வரிசையின் பாதி உயரத்துக்குத் தண்ணீர். சர்க்கரை, மைதா, உப்பு எல்லாம் கரைந்து போயின.

கடை இப்போது நடக்கிறது. "எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டவர்கள் அனைவருக்கும் "எப்படியோ சமாளித்தேன்" என்றே சொல்லிவந்தேன். குழுக்கணக்கு அம்மா எழுதியதைப் படித்த பிறகு அந்த "எப்படியோ"வைப் பிரித்துப் பார்த்தேன். பழைய பாக்கியைக் கேட்காமல் புதிய சரக்கை இறக்கிக் கொடுத்தவர் மொத்த வியாபாரி. சேற்றை வாரிக் கொட்டியது எதிர்வரிசைக் கடைப் பையன்கள். அவர்கள் கடையும் நனைந்துதான் இருந்தது. வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் மச்சினிச்சி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. என் மனைவி தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார். இத்தனை பேர் சேர்ந்து தூக்கி நிறுத்திய கடையை "நான் சமாளித்தேன்" என்று ஒருமையில் சொன்னது எனக்கே பொறுக்கவில்லை.

அம்மா, உங்கள் புத்தகத்தில் என்ன போனது என்று எழுதினால், யார் கைகொடுத்தார்கள் என்றும் எழுதுங்கள். அந்தச் சொல் கம்மலை மட்டும் மறைக்கவில்லை, உதவியவரையும் மறைக்கிறது.

மலைச்செவிலி

சித்தேரி மலைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையப் பணியில் இருக்கிறேன். எங்கள் வேலையில் இந்தச் சொல்லைக் கேட்டால் உடனே எச்சரிக்கையாகிவிட வேண்டும்.

கர்ப்பிணிப் பெண்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமாவது இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. அந்த நிலையில் விறகு சுமந்து வருகிறவரிடம் "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால் "சமாளிக்கிறேன், சிஸ்டர்" என்கிறார். பொய் சொல்கிறார் என்று நினைக்கக்கூடாது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பழகியிருக்கிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால்தான் கையிருப்பு இல்லை என்பது தெரியும். அப்போது மலையிலிருந்து இறங்க வேண்டிய தூரமும் சேர்ந்துகொள்கிறது.

அதனால் "வலியைச் சமாளிக்க முடிகிறதா?" என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் "முடிகிறது" என்ற ஒரே பதில்தான் வரும். முடியவில்லை என்று சொல்ல எங்கள் பெண்களுக்குக் கூச்சம். கேள்வியை மாற்றிவிட்டேன். படி ஏறும்போது எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள்? தலைவலியோடு கண் மங்குகிறதா? முகமும் கையும் வீங்குகின்றனவா? குழந்தையின் அசைவு நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா? இவற்றுக்கு வருகிற பதிலை வைத்து 108-ஐக் கூப்பிட முடியும். "சமாளிக்கிறேன்" என்ற பதிலை வைத்து எதையும் செய்ய முடியாது.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாமியாரும் அம்மாவும் "நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் சமாளிக்கவில்லையா?" என்று சொல்லும்போது தயவுசெய்து தலையாட்டாதீர்கள். அந்தக் காலத்தில் சமாளிக்க முடியாமல் போனவர்கள் இன்று நம்மிடம் பேச இல்லை.

குழுக்கணக்கு (பாலக்கோடு)

சகோதரி, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு நீண்ட நேரம் எதுவும் எழுத முடியவில்லை. கேள்வியை மாற்ற வேண்டும் என்று சொன்னீர்களே, நான் கேட்டு வந்ததும் "எப்படிச் சமாளித்தீர்கள்?" என்பதுதான். இனி அப்படிக் கேட்பதாக இல்லை.

பென்னாகரம் மாணவன்

எங்கள் தாத்தா சிரித்தால் பல் பழுப்பாக, கோடு கோடாகத் தெரியும். அவர் வயதுக்காரர்கள் பலருக்கு அப்படித்தான். வெற்றிலைக் கறை என்று சிறு வயதில் நினைத்தேன். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம் இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் அந்த அளவைத் தாண்டியிருந்தது. பல்லில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் எலும்பும் இறுகிப்போகும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் அடர்த்திதான் கூடும்.

ஒகேனக்கல் காவிரி பக்கத்திலேயே ஓடியது. ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வரும்வரை எங்கள் ஆட்கள் ஆழ்துளைக் கிணற்றை வைத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தைச் "சமாளித்தார்கள்". தாகம் தீர்ந்தது, அது உண்மை. அதற்கான விலையை எலும்பு கட்டியது. இன்றும் குழாயில் நீர் வராத நாட்களில் பழைய கைப்பம்பை நோக்கிப் போகிறோம், அதே சொல்லைச் சொல்லிக்கொண்டே.

மாந்தோப்பு ஐயா, நீங்கள் சொன்ன கதவு எங்கள் தாத்தாவுக்கு இல்லை. அவர் வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். அதனால் கல்யாண வீட்டுப் புகைப்படங்கள் எதிலும் அவர் சிரித்ததில்லை.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

தம்பி, படித்தேன். தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் கதவைப் பற்றிச் சொன்னதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். யாரும் யாரையும் கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கணக்குக் கேட்கக் கூடாது. அரசு நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கும்போது நம் வறுமையை நாமே விவரித்து எழுத வேண்டியிருக்கிறதே, அதில் இருக்கிற கூச்சம் எனக்குத் தெரியும். "சமாளித்துக்கொள்கிறேன், வேண்டாம்" என்று திரும்பி வந்தவர்களை நான் கோழை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆசிரியை அம்மா சொன்ன சேம அச்சை நேற்றிலிருந்து மனம் விடவில்லை. எருதைப் பற்றிய குறளை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அந்த மேடைகளில் வண்டிக்காரர்களும் உட்கார்ந்து கைதட்டினார்கள். பாரத்தை ஏற்றியவர்கள் எருதைப் புகழக் கேட்டுக் கைதட்டுவதில் என்ன நட்டம் அவர்களுக்கு? இனிமேல் இரண்டு பாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

தளி எல்லை

ஐயா, அந்த மேடை ராயக்கோட்டைப் பக்கம் என்றால் சொல்லுங்கள், வருகிறேன்.

குழுக்கணக்கு (பாலக்கோடு)

எல்லோருக்கும் நன்றி. இந்த மாதக் கூட்டத்தில் பேசி முடிவெடுத்ததைச் சொல்கிறேன்.

தீர்மானப் புத்தகத்தில் "சமாளித்தனர்" என்று இனி எழுதுவதில்லை. கூட்டத்தில் சாதாரணமாகப் பேசும்போது சொல்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. அது அவரவர் வாய், அவரவர் கதவு. புத்தகத்தில் மட்டும் தவணைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்தி: விளைச்சல், கூலி, அடகு, விற்பனை, வெளிக்கடன். பெயர் கிடையாது. சீட்டில் ஒரு கோடு போட்டு மடித்து டப்பாவில் போட வேண்டும். எண்ணிக்கையை மட்டும் எழுதுவேன். அடுத்த பத்தி ஊத்தங்கரை அண்ணன் சொன்னது: யார் உதவினார்கள்? அண்டை வீடா, உறவா, கடைக்காரரா, குழுவா? முதல் தடவை எண்ணியபோது "குழு" என்ற இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. குழுவே தவணை வாங்குகிற இடமாக மட்டும் இருந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மூத்த உறுப்பினர் ஒருவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

அவர் சொன்னதை வைத்து ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். மாதச் சேமிப்பிலிருந்து சிறு தொகையைத் தனியாக ஒதுக்குவது; விலை விழுந்த மாதத்தில் வெளிக்கடன் வாங்கும் நிலைக்கு வந்தவருக்கு அதிலிருந்து வட்டியில்லாமல் கொடுப்பது; அறுவடைக்குப் பிறகு திருப்பிக் கட்டுவது. தொகை சிறிது, இரண்டு பேருக்கு மேல் தாங்காது. இருந்தாலும் வார வட்டிக்காரர் வாசலுக்குப் போவதற்கு முன்பு ஒரு வாசல் இருக்கும். அரூர் அம்மாவின் பாட்டைக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். அந்த ஒதுக்கீட்டுக்கு "சேம அச்சு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வங்கியிலிருந்து வருகிறவர் புதிய பத்திகளைப் பார்த்தால் கடனைக் குறைத்துவிடுவாரோ என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. இதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை.

ஓசூர் ஷிஃப்ட்

அக்கா, கடனின் அளவைக் குறைக்கச் சொல்லாமல் தவணை நாளை அறுவடைக்குப் பின்னால் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். எண்ணிக்கை கையில் இருக்கும்போது அப்படிக் கேட்கலாம். "சமாளித்தோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவகாசம் கேட்க முடியாது.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

அம்மா, பத்திகளில் ஒன்று குறைகிறது. எங்கள் தோப்பில் விலை விழுந்த ஆண்டு நான் எதையும் விற்கவில்லை, அடகும் வைக்கவில்லை. கவாத்து செய்யவில்லை, தொழு உரம் போடவில்லை, பூக்கும் பருவத்தில் மருந்து ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டில் கண் மருத்துவரிடம் போக வேண்டியவர் போகவில்லை. உங்கள் சீட்டில் நான் எங்கே கோடு போடுவது? "தள்ளிப்போட்டது" என்று ஒரு பத்தி சேருங்கள். விவசாயம் செய்கிற வீடுகளில் அதில்தான் அதிகக் கோடு விழும்.

அந்தச் சீட்டின் மாதிரியை இங்கே போடுங்கள். எங்கள் பக்கத்து உழவர் குழுவிலும் கேட்டுப் பார்க்கிறேன்.